வடகரையா, திருவனந்தபுரமா? இரண்டு களரிக் குடும்பங்கள்

களரி என்பது கேரளத்தின் பழைய போர்க்கலை, அதைக் கற்றுத்தரும் இடத்துக்கும் அதே பெயர். இங்கே சொல்லப்போகும் இரண்டும் வடக்கன், அதாவது வடகேரளப் பாணிக் களரிதான். மெய்ப்பயிற்சியில் தொடங்கி கோல், உலோக ஆயுதம், வெறுங்கை என்று ஏறும் படிகளும் ஏறக்குறைய ஒன்றே. ஆசான் ஆன வழிதான் வேறு.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இருக்கும் சி.வி.என். களரியில் கலை தந்தைவழி இறங்கியது. கோட்டக்கல் கணாரன் குருக்களிடம் (களரி ஆசானைக் குருக்கள் என்பார்கள்) பயின்றவர் சி.வி. நாராயணன் நாயர். அவர் மகன் கோவிந்தன்குட்டி நாயர் 1956-இல் இந்தக் களரியைத் தொடங்கினார். பிறகு பேரன் சத்தியநாராயணன் பொறுப்பேற்றார். ஆயுதப் பயிற்சியோடு உழிச்சில் என்ற எண்ணெய்த் தடவலும் மூலிகை வைத்தியமும் இங்கே குருக்களின் வேலையே.

வடகேரளத்து ஊரான வடகரையின் கடத்தநாடன் களரி சங்கம் பிறந்த கதை கசப்பானது. சாதியைக் காட்டி, அதன் நிறுவனரான ராகவனுக்குக் களரி கற்றுத்தர மறுத்தார்கள். 1949-இல் அவரே ஒரு களரி தொடங்கிவிட்டார். நடனத்துக்கு உதவும் என்று ஏழு வயதில் அங்கே வந்து சேர்ந்த சிறுமிதான் மீனாட்சியம்மா. பிறகு குரு ராகவனையே மணந்தார். அவர் மறைந்தபின் களரியின் தலைமையை ஏற்றார். 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கட்டணம் என்று எதுவும் கேட்பதில்லை, மாணவர் விரும்பித் தரும் குருதட்சணை மட்டுமே. பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகளின் எதிரே சேலையை இறுக்கிக் கட்டி வாளெடுத்து நிற்கும் அவரைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

வைத்தியமும் சேர்த்துக் கற்க விரும்புகிறவருக்குத் திருவனந்தபுரத்தைச் சொல்வேன். மகளைச் சேர்க்க இடம் தேடும் பெற்றோர் என்றால், யோசிக்காமல் வடகரைக்கு ரயில் ஏறுங்கள்.