கிறிஸ்துமஸ் துணி: ஜவுளிக்கடையா, கைத்தறியா, தையல்காரரா?

நவம்பர் பிறந்துவிட்டால் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரே பேச்சுதான்: துணி எடுத்தாயிற்றா? எங்கள் வீட்டில் நான்கு பேர். பல ஆண்டுகளாக விலையையும் நிறத்தையும் மட்டும் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தோம். மூன்று ஆண்டுகளாக இன்னொன்றையும் பார்க்கிறோம். இந்தத் துணிக்காக உழைத்தவருக்குக் கூலி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா?

எங்கள் மாவட்டத்தில் உடுப்பு என்பது சாதாரணக் காரியம் அல்ல. தோளில் சீலை போட்டு மேலுடம்பை மறைக்கும் உரிமைக்காக அடிபட்ட பெண்களின் பேத்திகள் நாங்கள். 1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் அரசின் பிரகடனம் வந்த பிறகுதான் அந்த உரிமைக்கு ஓரளவாவது சட்டத்தின் துணை கிடைத்தது. அதற்கும் முன்பே, 1820களில், மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஊசியும் நூலும் கொண்டு தாங்களே சம்பாதித்த காசை அவர்கள் முதன்முதலாகக் கையில் பிடித்தார்கள். அப்படிப்பட்ட வரலாறு உள்ள சபையில் இருந்துகொண்டு, துணிக்குப் பின்னால் இருக்கும் கூலியைப் பற்றிக் கேட்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் பெரிய ஜவுளிக்கடை. வசதி என்று பார்த்தால் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரே கூரையின் கீழ் நான்கு பேருக்கும் எடுத்துவிடலாம், 500 ரூபாயிலும் சேலை உண்டு. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்திடம் அங்கே போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் 20ஆம் தேதி இரவு பார்த்ததை மறக்க முடியவில்லை. ஒன்பது மணி இருக்கும். எங்களுக்குச் சேலை விரித்துக் காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுகூட இராது. வலது காலைத் தூக்கி இடது கால்மேல் சற்று நேரம் வைப்பாள், பிறகு மாற்றி வைப்பாள். சேலை மடிப்பதுபோல அதையும் ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் இடுப்பு உயரத்துக்குச் சேலைப் பெட்டிகள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. இருக்கையும் இருந்தது. உட்காரத்தான் முடியவில்லை. பில் போடும் இடத்தில் இதை நான் கேட்டேன். பண்டிகைக் கூட்டம் முடியட்டும் என்றார்கள்.

இரண்டாவது கைத்தறி. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இன்றும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியைத்தான் விற்கிறது. பண்டிகைக் காலத்தில் 30 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். அங்கே சில சேலைகளோடு நெய்தவரின் படமும் பெயரும் அச்சிட்ட அட்டை வரும். என் சேலை ஒன்றில் வந்த அட்டையை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன், அவருக்காக ஜெபிப்பதற்கு. வெளிக்கடைகளில் கைத்தறி என்று சொல்லி விசைத்தறியைத் தலையில் கட்டிவிடுவார்கள். கரை ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். அசல் கைத்தறி என்றால், நெய்யும்போது துணி சுருங்காமல் விறைப்பாகப் பிடிக்கும் குச்சியின் ஊசிகள் அங்கே சிறு சிறு துளைகளை விட்டிருக்கும்.

கைத்தறி எடுத்துவிட்டால் மனச்சாட்சிக்கு வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அது அவ்வளவு எளிதல்ல. தறியில் ஏறும் பருத்தி நூலில் பெரும்பங்கு நூற்பாலையிலிருந்து சிட்டா நூலாக, அதாவது கழியாகச் சுற்றிய நூலாக, வருவதுதான். கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து ஆலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்தது பலருக்கும் தெரியும். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லி ஏழைப் பெண்பிள்ளைகளை அழைத்துப்போனார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பிய பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவே இல்லை. நூலின் வழியாக அந்தக் கண்ணீர் கைத்தறிக்குள்ளும் நுழையக்கூடும். நெசவாளர் வீட்டிலும் தார் சுற்றும், அதாவது ஊடைநூலைச் சிறு குழலில் சுற்றிக்கொடுக்கும், பெண்ணுக்குத் தனிக்கூலி அநேகமாகக் கிடையாது. இவ்வளவும் தெரிந்தும் ஜவுளிக்கடையைவிடக் கைத்தறியைத்தான் மேலாக வைக்கிறேன். நான் கொடுக்கும் பணத்தில் நெசவு செய்த கைக்குப் போகும் பங்கு இங்கே அதிகம். கேள்வி கேட்டால் பதில் சொல்லவும் ஆள் இருக்கிறார்.

சான்றிதழ் பெற்ற இயற்கைப் பருத்தி ஆடைகள் எங்கள் வருமானத்துக்கு எட்டாதவை. இணையத்தில் வரும் மலிவு உடுப்பில் யார் தைத்தது என்று கேட்கக்கூட இடமில்லை. இரண்டையும் நாங்கள் விட்டுவிட்டோம்.

துணியே எடுக்காமல் அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாமே என்று எங்கள் பெண்கள் சங்கத்தில் ஒரு மூத்த அம்மா சொன்னார். அவர் அப்படியே செய்பவர், அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் எல்லோரும் அப்படிச் செய்தால் தறிக்காரர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? உழைத்துச் சாப்பிடுகிறவரிடம் பொருளை வாங்குவது அவருக்குத் தர்மம் கொடுப்பதைவிட மேலானது என்றே நினைக்கிறேன்.

அதே கூட்டத்தில் இன்னொருவர் வேதாகமத்திலிருந்து அப்போஸ்தலன் பவுலை எடுத்துக் காட்டினார். கடையில் விற்கிறதை வாங்கிச் சாப்பிடுங்கள், மனச்சாட்சியினிமித்தம் எதையும் விசாரிக்க வேண்டாம் என்று கொரிந்தியருக்கு அவர் எழுதியிருக்கிறாரே என்றார். உண்மைதான், முதல் நிருபம் பத்தாம் அதிகாரம். ஆனால் இரண்டு மூன்று வசனம் தள்ளி வாசித்தால், இது விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவன் உங்களுக்குச் சொல்லிவிட்டால், சொன்னவனுக்காகச் சாப்பிடாதிருங்கள் என்கிறார். தெரியாதவரையில் சுதந்திரம். தெரிந்துவிட்டால் அடுத்தவனுடைய மனச்சாட்சியும் கணக்கில் வந்துவிடுகிறது. அந்த ஸ்டூலையும் அந்தக் கால்களையும் பார்த்த பிறகு எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

மூன்றாவது வழி, துணியாக எடுத்து ஊரிலேயே தைப்பது. எங்கள் தெருமுனையில் ஒரு பெண் தைக்கிறார். மகளின் கவுனும் என் ரவிக்கைகளும் மகனின் சட்டையும் அவர் கையில்தான். கழுத்து வெட்டு சரியில்லை என்றால் அன்றே பிரித்துத் தைத்துத் தருவார். கடையில் ஆயத்தமாக எடுப்பதைவிடச் சில நூறு ரூபாய் கூடுதலாகும். ஆனால் இங்கே கூலி யாருக்குப் போகிறது என்ற சந்தேகமே கிடையாது, கொடுப்பது நான்தான்.

இந்த இடத்தில்தான் நான் வெட்கப்பட்டேன். ஆலை முதலாளியைப் பற்றியும் கடைக்காரரைப் பற்றியும் சங்கத்தில் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டு, இந்தப் பெண்ணின் தையல் கூலியைப் பொங்கல் தாண்டும்வரை நான் கொடுக்கவில்லை. “இருக்கட்டும் அக்கா, பண்டிகை செலவெல்லாம் முடியட்டும்” என்று அவர் சொன்னார், நானும் சரி என்றுவிட்டேன். ஜனவரி கடைசியில் பணத்தோடு போனபோது மெஷினில் பாதி தைத்த துணி கிடந்தது. ஊசி முறிந்துவிட்டது, வாங்கப் போகவேண்டும் என்றார். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்று வேதாகமத்தில் லேவியராகமம் சொல்கிறது. என்னிடம் அது ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி. எனக்கும் அத்தைக்கும் கைத்தறிச் சேலை, ஆண்டுக்கு ஒன்றுதான். பிள்ளைகளுக்குத் தையல். உள்ளாடையும் பள்ளிக்கூட பனியனும் ஜவுளிக்கடையில்தான், வேறு வழி தெரியவில்லை. அங்கே போகும்போது டிசம்பர் முதல் வாரத்தில் பகல் நேரத்தில் போகிறோம், எடுக்கப்போகாத சேலையை விரிக்கச் சொல்வதில்லை, ஸ்டூலைப் பற்றி ஒவ்வொரு முறையும் கேட்கிறோம். தையலுக்கு நவம்பர் இரண்டாம் வாரமே அளவு கொடுத்துவிடுகிறோம், அவர் டிசம்பரில் இரவெல்லாம் கண்விழிக்காமல் இருக்க. துணி கைக்கு வரும் அன்று சாயங்காலமே மகள் போய்க் கூலியைக் கொடுத்துவிட்டு வருகிறாள்.