ஜிபிஃபர்ஸ்ட்: கடிதமின்றிச் சென்ற இரவும் கடிதத்துடன் சென்ற மாலையும்

சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைய யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. அந்த வசதியைச் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்திய குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்குக் காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் நேரே டாக்சி பிடித்துவிடுவோம். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழேயே மருத்துவர் பார்க்கும் மருந்தகம் (கிளினிக்) இருப்பது அப்போது நினைவுக்கு வராது. அப்படிச் சென்ற ஓர் இரவில் (மருத்துவமனையின் பெயர் வேண்டாம்) ஐந்து மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். வந்த நேரத்தைப் பாராமல் நோயின் தீவிரத்தைப் பார்த்தே தாதியர் நோயாளிகளை நான்கு நிலைகளாகப் பிரிப்பதால், மூன்றாம் நிலையில் இருந்த அம்மாவுக்கு முன்னால் ஆம்புலன்சுகள் வந்துகொண்டே இருந்தன.

ஜிபிஃபர்ஸ்ட் (GPFirst, ‘முதலில் பொது மருத்துவரிடம்’) திட்டத்தைச் சாங்கி பொது மருத்துவமனை 2014-இல் தொடங்கியது. பிற பொது மருத்துவமனைகளும் பின்னர் அதில் சேர்ந்தன. திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகத்தின் மருத்துவர் முதலில் பார்த்து, தேவை என்று கருதினால் கடிதம் தந்து அனுப்புவார். அவசர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்தில் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறையும்.

சென்ற மாதம் அம்மாவின் வலது கால் வீங்கிச் சிவந்தபோது இவ்வழியில் சென்றோம். மருந்தக மருத்துவர் சிவப்பு பரவியிருந்த எல்லையைப் பேனாவால் காலிலேயே கோடிட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினார். அம்மாவின் நீரிழிவு மாத்திரைகள், அவற்றின் அளவு, பெனிசிலின் ஒவ்வாமை எல்லாம் கடிதத்தில் இருந்தன. மருத்துவமனையில் அதைப் படித்த இளம் மருத்துவர், சிவப்பு கோட்டைத் தாண்டியிருப்பதைக் கண்டதும் அதிகம் கேள்வி கேட்காமல் ஒவ்வாமைக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுத்தார். முந்தைய முறை “வெள்ளையாக, நீளமாக இருக்கும் மாத்திரை” என்று நான் விளக்கிக்கொண்டிருந்ததை நினைத்துச் சிறிது வெட்கமாக இருந்தது.

பணத்துக்காக மட்டும் இத்திட்டத்தை நாடுவோருக்கு ஏமாற்றம் ஏற்படலாம். மருந்தகக் கட்டணம் அந்த 50 வெள்ளியில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். மருந்தகக் கட்டணத்தில் அரசாங்க மானியம் தரும் சாஸ் (CHAS) அட்டை வைத்திருப்போருக்குச் சுமை சற்றுக் குறைவு. என் கணக்கில் ஆதாயம் கடிதம்தான். மேலும், எல்லா மருந்தகங்களும் இதில் இல்லை என்பதால் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான மருந்தகங்கள் இரவு மூடிவிடுகின்றன. நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளும் நோயாளிக்கு இத்திட்டத்தால் பெரிய பயனில்லை.

நெஞ்சுவலிக்கும், வாய் கோணிப் பேச்சுக் குழறும்போதும் மருந்தகத்தைத் தேடவே கூடாது. ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைக்க வேண்டும்.

சிறப்பு மருத்துவரைப் பார்ப்பதற்கான பரிந்துரையுடன் இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே அரசாங்க மானியம் வேண்டுமென்றால் பலதுறை மருந்தகமோ (அரசாங்கத்தின் பாலிகிளினிக்) சாஸ் திட்டத்தில் உள்ள மருந்தகமோ அனுப்பியிருக்க வேண்டும். நேரே முன்பதிவு செய்பவர் தனியார் நோயாளியாகப் பதிவாகிறார். எங்கள் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் முழங்கால் வலிக்கு அவசரப்பட்டு அப்படிப் பதிந்துவிட்டு, அடுத்தடுத்த சந்திப்புகளுக்கும் முழுக் கட்டணமே செலுத்திவருகிறார்.

ஐந்தில் நான்கு நட்சத்திரங்கள் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்த மூடிய மருந்தகக் கதவுகளுக்காக.