ஆர்வெல்லின் போர்க்காலக் குட்டிப் புத்தகம்: வாங்கலாமா?

'1984' நாவலை மட்டும் படித்துவிட்டு ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லை சோசலிசத்துக்கே எதிரி என்று நினைப்பவர்கள் அவருடைய நீண்ட கட்டுரையான 'தி லயன் அண்ட் தி யூனிகார்ன்' வாங்கிப் படிக்கலாம். ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடிய அளவுதான்.

1941 பிப்ரவரியில் வந்தது. லண்டனில் ஜெர்மன் விமானங்களின் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்தில் எழுதியதால், நல்ல நாகரிகமான மனிதர்கள் தலைக்கு மேலே பறந்து என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்றே ஆரம்பிக்கிறார். அவர்களுக்கு என்மேல் பகை ஒன்றும் இல்லை, கடமையைச் செய்கிறார்கள், தேசப்பற்றின் பலம் அப்படி என்று இரண்டு வரியில் விஷயத்துக்கு வந்துவிடுகிறார்.

முதல் பகுதிக்கே கொடுத்த காசு சரியாகிவிடும். பூச்செடி, தபால்தலை, புறா வளர்ப்பு என்று சாதாரண ஆங்கிலேயரின் பொழுதுபோக்குகளை ஆசையாகச் சொல்லிக்கொண்டே வருபவர், சமையலைப் பாரிஸிலிருந்தும் கருத்தை மாஸ்கோவிலிருந்தும் வாங்குகிறார்கள் என்று தன் பக்கத்து இடதுசாரிப் படிப்பாளிகளையே ஒரு பிடி பிடிக்கிறார். இங்கிலாந்து ஒரு குடும்பம்தான், ஆனால் தப்பான ஆட்கள் கையில் சாவி இருக்கிறது என்பது அவர் வாதம். சோசலிசம் வராமல் ஹிட்லரை ஜெயிக்க முடியாதாம். சுரங்கம், ரயில், வங்கி எல்லாம் அரசுடைமை, யாருடைய வருமானமும் கடைசி ஆளுடையதைப்போல் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது என்று ஆறு அம்சத் திட்டமே போட்டிருக்கிறார். ஆரூடம் பலிக்கவில்லை. புரட்சி இல்லாமலேயே போரில் ஜெயித்தார்கள். ஆனால் 1945-இல் வந்த லேபர் (தொழிலாளர் கட்சி) அரசு பாங்க் ஆஃப் இங்கிலாந்து, நிலக்கரி, ரயில் என்று வரிசையாக அரசுடைமை ஆக்கியதைப் பார்த்தால் மனுஷன் முழுக்கக் கற்பனையில் மிதக்கவில்லை.

எனக்கு இடித்தது இந்தியா பற்றிய இடம். உடனே டொமினியன் அந்தஸ்து (பிரிட்டிஷ் முடியின் கீழ் தன்னாட்சி), போர் முடிந்ததும் விரும்பினால் பிரிந்துபோகலாம் என்கிறார். பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஒரு வெள்ளைக்காரர், அதுவும் 1941-இல் எழுதியது, அங்கே அது துணிச்சல்தான். ஆனால் காங்கிரஸ் 1929-லேயே லாகூரில் முழு சுதந்திரம் கேட்டாயிற்று, புத்தகம் வந்த நேரத்தில் நேரு சிறையில் இருந்தார். பிரிட்டன் சட்டென்று விலகினால் இந்தியாவை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்ற வாதத்தில் பழைய போலீஸ்காரர் குரல் கொஞ்சம் கேட்கத்தான் செய்கிறது.

அப்புறம், அடிக்குறிப்பு இல்லாத மலிவுப் பதிப்பு வேண்டாம். என்னிடம் இருப்பது அதுதான். போர் தொடங்கியபோது பிரதமராக இருந்த சேம்பர்லெய்ன், 1938-இல் அவர் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தம் எல்லாம் தெரிந்த கதை என்ற பாவனையில் எழுதிக்கொண்டே போகிறார். உள்ளே திட்டு வாங்கும் ஹாலிஃபாக்ஸ் பிரபு, இங்கே வைஸ்ராயாக இருந்த அதே இர்வின்தான் என்பதைக்கூட நான் வேறு இடத்தில் தேடித்தான் பிடித்தேன்.