செங்கல் சுவருக்குள் ஸ்பீக்கர் வயர்: திருச்சியில் நடந்த மராமத்து வேலை

டொராண்டோவில் வீட்டின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் அறைந்த ஜிப்சம் பலகைதான் என்பதால், டிவிக்கோ ஸ்பீக்கருக்கோ பின்னாளில் வயர் இழுப்பது அங்கே அவ்வளவு பெரிய வேலையல்ல. தில்லைநகரில் உள்ள எங்கள் வீட்டிலோ செங்கல் சுவரில் காடி (பள்ளம்) வெட்டி, பிவிசி பைப் பதித்துப் பூசிய பிறகு மறுபடி திறப்பதென்றால் பூச்சும் பெயிண்டும் சேர்ந்தே போகும். ஆகவே ஹாலைப் புதுப்பிக்கும்போதே எல்லாவற்றுக்கும் வழி செய்துவிடச் சொன்னோம்.

எலக்ட்ரீஷியன் கூலியைப் பாயிண்ட் கணக்கில் பேசுபவர். விளக்குக்கும் ஃபேனுக்கும் அவரிடம் விலை இருந்தது, ஸ்பீக்கருக்கு இல்லை. கடைசியில் காடியின் நீளத்தை அளந்து அடிக்கணக்கில் பேசி முடித்தோம். பின்பக்க ஸ்பீக்கர்களுக்கான பாதை ஹாலையே சுற்றி வருவதால் அதுவே நியாயம்.

செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பதில் எஞ்சினியர் கண்டிப்பாக இருந்தார். நாலரை அங்குலச் சுவரில் படுக்கையாக முக்கால் அங்குலத்துக்கு மேல் வெட்ட முடியாதென்றால் 25 மி.மீ. பைப்புக்கே அங்கு இடமில்லை. எனவே படுக்கைப் பாதை முழுவதும் ஃபால்ஸ் சீலிங்கிற்குள் போயிற்று.

டிவிக்கும் எலக்ட்ரீஷியன் 25 மி.மீ. பைப்பையே கொண்டுவந்திருந்தார். கையிலிருந்த எச்டிஎம்ஐ கேபிளைப் பைப்பின் வளைவில் நுழைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, வயர் போகும், தலை போகாது” என்று அவரே சிரித்தார். ஒன்பது அங்குலச் சுவரில், டிவிக்குப் பின்னாலிருந்து கீழே அலமாரி வரை வளைவே இல்லாமல் 50 மி.மீ. பைப் பதித்தோம். நாளைக்கு வேறு வகைக் கேபிள் வந்தாலும் இழுத்துக்கொள்ள உள்ளே ஒரு நைலான் கயிறு கிடக்கிறது. 230 வோல்ட் மின்கம்பிக்குத் தனிப் பைப். ஒன்றையொன்று கடக்க வேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடக்கிறது. இரண்டையும் ஒரே பைப்பில் விட்டால் செலவு குறையும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை; அதில் ஸ்பீக்கரில் கேட்கும் இரைச்சலைவிடப் பாதுகாப்பே முக்கியம்.

கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிமெண்ட் புகாதபடி, வயர் முனைகளுக்காகச் சுவரில் பதித்த ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நாளிதழைக் கசக்கித் திணித்தார் உதவியாள். பூச்சு வெடிக்காதிருக்கக் காடியின் மேல் கோழிவலை அடித்தார் கொத்தனார். ஆனால் யார் எப்போது வருவார்கள் என்பதை ஒழுங்குபடுத்த ஆளில்லை. பெட்டிகளை மட்டம் பார்க்கும் முன்பே கொத்தனார் கலவை போட்டுவிட்டதால் ஒரு பெட்டி கோணலாகவே நின்று, அதை உடைத்துத் திருத்த வேண்டியதாயிற்று. காடி வெட்டும் மெஷின் கிளப்பிய தூசியைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்புகூட அவர்கள் கொண்டுவரவில்லை.

2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியை இழுத்து முடித்ததும், ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு ஜோடி முனையிலும் தொட்டுக் காட்டினார் எலக்ட்ரீஷியன். ‘டொக்’ என்ற ஓசையுடன் ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வந்தால் பாசிட்டிவ் சரி. பின்னால் போனால் முனை மாறியிருக்கிறது. இடது பின்பக்கம் மட்டும் மாறியிருந்தது. அங்கேயே திருத்தி, சிவப்பு டேப் சுற்றிவிட்டுத்தான் மீதிப் பணத்தை வாங்கினார்.