வலங்கைமான் பக்கம் ஃபைபர் இணைப்பு: போர்ட் இருந்தால் யோகம்

உள்ளூர் கேபிள்காரர் வழியாக வரும் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வேகத்தில் குறையே இல்லை. மகள் ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போதே அம்மா கூடத்தில் சீரியல் பார்க்கிறார், எதுவும் நின்று சுற்றுவதில்லை.

சிக்கல் இணைப்பு கிடைப்பதில்தான். கம்பத்தில் தொங்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டியில் ஓர் ஃபைபர் இழை எட்டு போர்ட்டாக, அதாவது எட்டு இணைப்பு முனையாகப் பிரிகிறது. எட்டு வீடு நிரம்பினால் அடுத்த வீட்டுக்கு "போர்ட் இல்லை சார்" என்ற பதில்தான். பக்கத்து வீட்டார் திருச்சிக்குக் குடிபோனதால் எங்களுக்கு ஒன்று கிடைத்தது. வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கும் சித்தப்பாவுக்கு இன்னும் இல்லை. ஆனால் அவருடைய பின்கோடைப் போட்டால் நிறுவனத்தின் தளம் 'சேவை உண்டு' என்று பச்சை காட்டுகிறது! ஒரே பின்கோடில் எத்தனை ஊர் அடங்கும் என்று இவர்களுக்குத் தெரியாதா? பாவம், கொள்முதல் நிலையத்தில் நெல் போட ஆன்லைனில் பதிய வேண்டுமென்றால், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுகிறார்.

பணம் கட்டும் முன் கேபிள்காரரைப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம், ரூட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கிவிடுங்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போனாலும் இணையம் நிற்காது. தென்னை மட்டை விழுந்து கேபிளே அறுந்தால், இழையை ஒட்டும் மிஷின் கும்பகோணத்திலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.