அனிமோனும் இறாலும் ஒரே தொட்டியில்: மதுரை வெயிலில் வளர்த்த அனுபவம்

வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியைப் பார்த்ததும் கேட்பது, "அந்தப் பூ மாதிரி இருக்கே, அது இறாலைத் தின்னுடாதா?" என்றுதான். தின்னவே தின்னாது என்று அடித்துச் சொல்ல முடியாது. கடல் சாமந்தி எனப்படும் அனிமோன் பூ இல்லை, பிராணி. அதன் கைகளில் கொட்டும் செல்கள் உண்டு. சாகக் கிடக்கிற இறால் அதன்மேல் விழுந்தால் விடாது. ஆனால் திடமாக இருக்கும் இறால் அதில் மாட்டி நான் இதுவரை பார்த்ததில்லை. சில வருடங்களாக இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இந்தக் கூட்டுக்குடித்தனத்தில் வம்பு செய்வது இறால்தான், காவல் தேவைப்படுவது அனிமோனுக்கு.

என்னுடையது மூன்றடி உப்புத் தண்ணீர்த் தொட்டி, ஏறத்தாழ 190 லிட்டர். உள்ளே கை நுனி குமிழ் மாதிரி உப்பியிருக்கும் பபிள் டிப் அனிமோன், மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் கிளீனர் இறால் இரண்டு, ஒரு ஜோடி கிளவுன் மீன். கல்லெல்லாம் செராமிக். பவளம் கிடையாது, வைக்கவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் வருகின்றன. "ராமேஸ்வரம் போறீங்கல்ல, ரெண்டு கல்லு எடுத்துட்டு வாங்க" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. அங்கிருந்து எதையும் கிளப்பிக்கொண்டு வர முடியாது. கடையில் வாங்கும்போதும், தொட்டியிலேயே பிரிந்து பெருகிய அனிமோன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. பபிள் டிப் வகை தானாகவே இரண்டாகப் பிரியும். அப்படிப் பிரிந்தது தொட்டி வாழ்க்கைக்குப் பழகியிருக்கும், சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

சரி, வம்புக்கு வருகிறேன். அனிமோனுக்கு வெளிச்சம்தான் பெரும்பாலான சாப்பாடு. அதன் உடம்புக்குள் இருக்கும் நுண்பாசி ஒளியில் சமைத்துப் போடுகிறது. அதற்கு மேல் வாரத்துக்கு ஒரு தடவை, கரிமேடு மார்க்கெட்டில் வாங்கிய உப்புப் போடாத பச்சை இறாலில் பட்டாணி அளவு துண்டு ஒன்று கொடுப்பேன். துண்டு கையில் ஒட்டியதும் அனிமோன் மெதுவாகச் சுருண்டு அதை நடுவிலுள்ள வாய்க்குத் தள்ளும். அந்த நேரம் பார்த்துக் கிளீனர் இறால் பாறை இடுக்கிலிருந்து இறங்கி வரும். வெள்ளை மீசை முன்னால் ஆட, நேராக அனிமோன் மேலேயே ஏறி நிற்கும். கொட்டுவதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாது. முன்னங்காலை வாய்க்குள் விட்டு, பாதி விழுங்கிய துண்டைப் பிடித்து இழுக்கும். அனிமோன் விடாது, இதுவும் விடாது. கடைசியில் பெரும்பாலும் இறால்தான் ஜெயிக்கும். இப்படி அடிக்கடி நடந்தால் அனிமோனின் வாய் கிழியும், பிறகு அது நாள்கணக்கில் விரியாமல் கிடக்கும்.

நான் செய்வது இதுதான். முதலில் தொட்டியின் அடுத்த மூலையில் இறால்களுக்கு பெல்லட் எனும் உருண்டைத் தீனி போட்டு அவற்றை அங்கே இழுத்துவிடுவேன். அப்புறம் அனிமோனுக்குத் துண்டைக் கொடுத்துவிட்டு, இரண்டு லிட்டர் தண்ணி பாட்டிலின் மேல்பாதியை வெட்டி அதன்மேல் கவிழ்த்துவிடுவேன். மூடியைக் கழற்றி வைத்தால் தண்ணீர் உள்ளே போய்வரும். இருபது நிமிடத்தில் விழுங்கிவிடும். இறால் வந்து பாட்டிலைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்ப்பது தனி வேடிக்கை. கிளவுன் ஜோடி அனிமோனில் குடியேறிய பிறகு பாதிக் காவல் அவற்றின் பொறுப்பாகிவிட்டது, கிட்டே வருகிற இறாலை விரட்டி அடிக்கின்றன. என் விரலையும் கடிக்கின்றன, அது வேறு.

எந்த இறால் என்பதில் கவனம் வேண்டும். எய்ப்டேசியா என்ற களை அனிமோன் பெருகினால் பெப்பர்மின்ட் இறால் வாங்கச் சொல்வார்கள், அது உண்மையிலேயே தின்னும். ஆனால் பெப்பர்மின்ட் என்ற பெயரில் கேமல் இறாலைக் கட்டிக் கொடுக்கிற கடைகள் உண்டு. எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் வந்தது. முதுகில் கூன், பெரிய கண், சிவப்பு உடம்பில் தெளிவான வெள்ளைக் கோடுகள், மேலும் கீழும் அசைகிற மூக்கு இருந்தால் அது கேமல். வந்த சில நாளிலேயே அனிமோனின் அடிப்பாகத்தைக் கொத்த ஆரம்பித்தது, அனிமோன் சுருங்கியே கிடந்தது. இறாலைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் விரிந்தது. சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட பாக்ஸர் இறால் அனிமோனை ஒன்றும் செய்யாது, ஆனால் மற்ற இறால்களை விட்டுவைக்காது. கிளீனர் இருக்கிற தொட்டியில் வேண்டாம்.

இறால் தோல் உரிக்கும் நாளில் பயந்துவிடாதீர்கள். ஒரு காலையில் அனிமோனின் கைகளுக்கு நடுவே மீசை, கால், கண் எல்லாவற்றோடும் முழு இறால் ஒன்று அசையாமல் மாட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தால் வெறும் தோல். இறால் பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. உரித்த பிறகு ஓடு இறுகும் வரை அப்படித்தான் ஒளிந்திருக்கும். அந்தச் சமயத்தில் தொட்டிக்குள் கைவிட்டுக் கல்லை நகர்த்துவதெல்லாம் கூடாது. ஓடு நன்றாக உரிய அயோடின் ஊற்றச் சொல்கிறார்கள். நான் ஊற்றுவதில்லை, ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினாலே சரியாக உரிக்கிறது.

புது இறால் சென்னையிலிருந்து ஆம்னி பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டியில் வரும், விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு நேராகத் தொட்டியில் கொட்டினால் போச்சு. உப்பு அளவு சட்டென்று மாறினால் இறால் தாங்காது. மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் வாங்கி, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் இறக்குகிறேன். அதிலுள்ள சக்கரத்தை உருட்டினால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஒன்றரை மணி நேரம் விடுவேன். பையில் வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மீன் நோய்க்குக் கடைக்காரர் காப்பர் மருந்து போட்டிருந்தால் அது இறாலுக்கும் அனிமோனுக்கும் விஷம்.

தண்ணீரைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், போர் தண்ணீர் அவ்வளவு உப்பு. சமையலறை ஆர்.ஓ.வும் போதாது, ருசிக்காக அதில் கொஞ்சம் உப்பை விட்டுவைப்பார்கள். கூடவே மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. வடிகட்டி சேர்த்து, கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ்.ஸைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கடல்நீர் தயாரிக்க விற்கும் மரைன் சால்ட் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கலக்கிறேன். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025, 1.026 காட்ட வேண்டும். தூத்துக்குடிக் கல்லுப்பு மலிவுதான், ஆனால் அதில் வேண்டிய அளவு கால்சியமும் மக்னீசியமும் இருக்காது.

வெயில்தான் பெரிய சோதனை. சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரி தொடும்போது தொட்டித் தண்ணீர் 31, 32க்கு ஏறிவிடும். அனிமோன் நுண்பாசியைத் துப்பிவிட்டு வெளிறத் தொடங்கும். 2016இல் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததும் இதே சூட்டினால்தான். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் விலை தொட்டி விலையைத் தாண்டுகிறது. நான் இரண்டு சின்ன ஃபேனைத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து ஓடவிடுகிறேன். மதுரைக் காற்று வறண்டது என்பதால் ஆவியாதல் நன்றாக நடக்கிறது, மூன்று டிகிரி வரை இறங்குகிறது. புழுக்கமான சென்னையில் இருக்கும் நண்பருக்கு இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்கவில்லை. ஆவியாகிப் போன அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் போகும்போது பேட்டரி ஏர் பம்ப் இல்லாமல் சமாளிக்க முடியாது. அன்றைக்குச் சாப்பாடும் போடுவதில்லை. பம்பின் உறிஞ்சு வாயில் ஸ்பாஞ்ச் கட்டாயம். அனிமோன் ஓரிடத்தில் நிற்கிற பிராணி இல்லை, இடம் பிடிக்கவில்லையென்றால் ராத்திரியில் நடந்துபோய் பம்பில் மாட்டிக்கொள்ளும்.

கிளீனர் இறாலில் எந்த இரண்டை வாங்கினாலும் ஜோடிதான். வளர்ந்தபின் ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண் இரண்டு உறுப்பும் இருக்கும். என்னுடைய இரண்டும் மாறி மாறி வயிற்றுக்கடியில் பச்சை முட்டையைச் சுமந்துகொண்டுதான் திரிகின்றன. குஞ்சு இரவில் பொரிக்கும், ஆனால் ஃபில்டரும் மீனும் மிச்சம் வைப்பதில்லை. வளர்த்தெடுக்கத் தனித் தொட்டியும் உயிர் உணவும் வேண்டும், எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

கார்ப்பெட் அனிமோனும் அதன் மேலேயே வாழ்கிற கண்ணாடி போன்ற குட்டி இறாலும் சேர்த்து வைக்கலாமா என்று கேட்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கார்ப்பெட் விரிந்தால் அரை மீட்டருக்கு மேல் போகும், மீனையே பிடித்து விழுங்கக்கூடியது. மூன்றடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது பபிள் டிப்தான். அதையும் தொட்டி ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆன பிறகு, இறாலுக்கு அடுத்ததாக வாங்குங்கள்.