மரத்துக்கு மரம் மாறும் வில் வேட்டை: எந்த அம்புத் தாங்கி, எந்தப் பை?

விஸ்கான்சின் மாநிலத்தில் 64ஆம் நெடுஞ்சாலைக்குத் தெற்கே உள்ள மாநில வேட்டை நிலங்களில் பரணை மரத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வர முடியாது. அன்றன்றைக்கு அவிழ்த்து எடுத்து வந்துவிட வேண்டும். அப்படி விதி இல்லாத இடங்களில்கூட, வெள்ளைவால் மானைத் தேடிப் போகிற வில்லாளிகள் பலர் இப்போது ஒரே மரத்தை நம்பி உட்காருவதில்லை. மான் தடம் மாறினால் இவர்களும் மரம் மாறுகிறார்கள். இடுப்பில் ஸேடில் என்கிற வார்ப்பட்டை, மரத்தில் கட்டி ஏறுவதற்கு மூன்று நான்கு ஸ்டிக், கால் வைக்க ஒரு சிறு பிளாட்ஃபார்ம், கயிறுகள், குளிருடை, வில் என்று அத்தனையும் உடம்போடு வரும். விடியுமுன் இருட்டில் ஒரு மைல் நடை, பிறகு மரம் ஏறுவது, பிறகு மணிக்கணக்கில் அசையாமல் காத்திருப்பது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு இப்படி மான் வேட்டைக்கு இடமில்லை. ஆகவே நான் எழுதுவது முழுக்க அமெரிக்க மத்திய மேற்கு மாநிலங்களின் நிலவரம்.

எய்யும் வரை அம்பை வில்லில் ஏந்தி நிற்கும் அம்புத் தாங்கி எது நல்லது என்று கேட்பவர்களும், பை எது நல்லது என்று கேட்பவர்களும் இரண்டையும் வேறு வேறு கேள்வியாகவே கேட்கிறார்கள். சேர்த்துத்தான் கேட்க வேண்டும். வில்லில் அசையக்கூடிய, புதரில் மாட்டக்கூடிய உறுப்பு தாங்கி. அந்த வில்லைக் கட்டி இறுக்கி, நடை முழுக்க உரசிக்கொண்டே வருவது பை. பயிற்சி மைதானத்தில் அருமையாக வேலை செய்யும் தாங்கி, முட்புதர் வழியே வந்து மரத்தின் மேல் இழுக்கப்பட்ட பிறகும் அதே இடத்தில் நிற்கிறதா என்பதே எனக்கு முதல் கேள்வி. துல்லியத்தில் நல்ல தாங்கிகளுக்குள் இருக்கும் வேறுபாடு, 20 கெஜ தூரத்தில் மரத்திலிருந்து எய்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

தாங்கிகள்

விஸ்கர் பிஸ்கட்டில் இருந்து தொடங்குவோம். ட்ரோஃபி ரிட்ஜ் விற்கும் இது, வட்டச் சட்டத்துக்குள் நெருக்கமான செயற்கை மயிர்க்கற்றையும் நடுவில் அம்பு நுழையும் துளையும் கொண்டது. அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. அம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் பிடிப்பு இருப்பதால் வில்லைச் சாய்த்தாலும் திருப்பினாலும் அம்பு விழாது. எளிய மாதிரி ஏறக்குறைய 50 டாலர். எய்ததும் கீழே விழுந்து அம்புக்கு வழிவிடும் டிராப்-அவே தாங்கிகளில் நல்லவற்றுக்கு இதைப்போல மூன்று நான்கு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

இதன்மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குறை, அம்பின் பின்முனையில் உள்ள வேன்கள் என்னும் சிறு இறகுத் தகடுகள் மயிரில் உரசுவதால் வேகம் குறைகிறது என்பது. குறைவது உண்மைதான், நொடிக்குச் சில அடிகள். நொடிக்கு 280 அடி போகிற அம்பில் அது ஒரு பொருட்டே இல்லை. பறவை இறகு கட்டிய அம்புக்கு இந்தத் தாங்கி ஆகாது. விறைப்பான சிறு பிளாஸ்டிக் வேன்களுக்கு ஆகும். என்னைக் கவலைப்பட வைப்பவை வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, உறைமழை. நவம்பரில் ஈரம் மயிரில் பனிக்கட்டியாக இறுகினால் அம்பு போகும் வழியே மாறிவிடும். இன்னொன்று, நாணை இழுக்கும்போது கார்பன் தண்டு மயிரில் உராயும் சன்னமான சத்தம். காற்று அடிக்கும் மாலையில் அது யாருக்கும் கேட்காது. காற்றே இல்லாத உறைபனிக் காலையில், 15 கெஜத்தில் நிற்கிற பெண்மானுக்குக் கேட்கும்.

அடுத்தது, நாணை இழுக்கும்போது கூடவே நகரும் வில்லின் கேபிளில் இயங்கும் டிராப்-அவே. க்யூஏடி நிறுவனத்தின் அல்ட்ரா ரெஸ்ட் வரிசை இதில் பரவலாகப் பழக்கமானது. மரத்தில் ஏறி அமர்ந்ததும் கட்டைவிரலால் நெம்பைத் தள்ளினால் தாங்கியின் கை நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும். அம்பு கூண்டுக்குள் அடைபட்டு நிற்கும். எய்யும்போது அம்பு பாயும் வேகத்தில் கை விழுந்து வேன்களுக்கு வழிவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு: நாணை இழுத்த பிறகு மான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால், எய்யாமல் மெதுவாகத் தளர்த்தினாலும் கை விழாமல் அப்படியே நிற்கும். இழுப்பதும் தளர்த்துவதும் ஒரே மானின்மேல் இரண்டு முறை நடப்பது மர வேட்டையில் சாதாரணம். ஒவ்வொரு முறையும் அம்பு ஏறி இறங்கினால் ஒவ்வொன்றும் ஒரு சத்தத்துக்கான வாய்ப்பு. நெம்பு பூட்டும்போது 'டிக்' என்று ஒரு ஓசை வரும். ஆனால் அது மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு தடவை, விரலால் அழுத்திப் பிடித்து மெதுவாகச் செய்துவிடலாம்.

மூன்றாவது, லிம்பில், அதாவது வில்லின் வளையும் கரத்தில், இயங்கும் டிராப்-அவே. ஹாம்ஸ்கி, வேப்பர் ட்ரெயில் ஆகியவை இந்த வகைக்குப் பேர்போனவை. வில்லின் லிம்பிலிருந்து வரும் கயிறு கையைக் கீழே பிடித்து வைத்திருக்கும். நாணை இழுக்கையில் லிம்ப் வளைந்து கயிறு தளரும், ஸ்ப்ரிங் கையைத் தூக்கும். எய்ததும் லிம்ப் பழைய நிலைக்கு வரும்போது கயிறு கையை இழுத்துவிடும். நெம்பு இல்லை, கேபிளைத் தொட வேண்டியதில்லை, அம்பு அதிக தூரத்துக்குத் தாங்கப்படுகிறது. கயிறு அறுந்தாலும் கை நிமிர்ந்தே நிற்பதால் அன்றைக்கு எய்ய முடியும். மேற்கு மலைகளில் எல்க் என்னும் பெரிய மானைத் தேடி 50, 60 கெஜத்துக்குப் பயிற்சி செய்கிறவர்கள் இதைக் கொண்டாடுவதற்குக் காரணம் உண்டு. பொறியியலைப் பார்த்தால் மூன்றிலும் இதுதான் நேர்த்தி.

ஆனாலும் மத்திய மேற்கின் புதர்க்காட்டில் மரத்துக்கு மரம் மாறுகிறவருக்கு இதை நான் முதலில் சொல்ல மாட்டேன். அந்தக் கயிறு ரைசர் என்னும் வில்லின் நடுச்சட்டத்தை ஒட்டி லிம்ப் வரை நீளமாக, வெட்டவெளியில் ஓடுகிறது. முள்செடியின் கொக்கி மாட்டுவதும், வில்லை மேலே இழுக்கையில் ஒரு குச்சி உள்ளே நுழைந்து நிற்பதும் அங்கேதான். கேபிள் வகையில் கயிறு ஒரு சாண்கூட இராது. கேபிளுக்கும் தாங்கிக்கும் நடுவே, வில்லின் உடம்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மேலும் லிம்ப் வகையில் நாணை இழுக்காத நேரத்தில் கை கீழே இருப்பதால், அம்பு ரைசரின் தட்டில் சும்மா கிடக்கும் மாதிரிகள் உண்டு. ஸேடிலில் தொங்குகிறவர் தன் இடப்பக்கம் மட்டுமே எய்வார் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. வலது கைக்காரர் தன் வலப்பக்கம் வந்த மானுக்கு உடம்பை முறுக்கி, வில்லைச் சாய்த்து, மரத்தைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். அப்போது அம்பு தட்டிலிருந்து நழுவி உலோகத்தில் 'டிங்' என்று பட்டால் அன்றைய வேட்டை முடிந்தது. லிம்ப் வகைதான் வேண்டும் என்பவர்கள் அம்பைச் சுற்றிச் சட்டம் உள்ள மாதிரியாகப் பார்த்து வாங்கி, தட்டு முழுக்கக் கம்பளித் துணி ஒட்டிக்கொள்ளட்டும்.

என் முடிவு இது. 30 கெஜத்துக்குள் மட்டுமே எய்கிறவர், அடர்ந்த புதரில் நடப்பவர், வில்லைச் சரிபார்க்கத் தனக்குக் கைப்பழக்கம் இல்லை என்பவர் கூச்சப்படாமல் விஸ்கர் பிஸ்கட் வாங்கலாம். மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பூட்டுள்ள கேபிள் வகை.

கேபிள் வகை வாங்குகிறவர் ஒரு வேலையைச் செய்தே ஆக வேண்டும். கயிறு கேபிளைப் பற்றும் இடத்தில், கவ்விக்கு மேலும் கீழும் வெள்ளி நிற மார்க்கரால் கேபிளில் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். கவ்வி ஓர் அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் கை முழுதாக நிமிரும் நேரம் தப்பிப்போகும். அம்பு மேலும் கீழுமாக ஆடும். கோடு இருந்தால் மரத்தின் மேல் டார்ச் வெளிச்சத்தில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நெம்பைப் பூட்டாமல் இழுத்துப் பார்த்தால், கை முழு உயரத்தை எட்டுவது இழுப்பின் கடைசி ஓரிரு அங்குலத்தில் நடக்க வேண்டும். வேன் எங்காவது உரசுகிறதா என்று பார்க்க, காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை வேன்களிலும் தாங்கியிலும் அடித்துவிட்டு ஓர் அம்பு எய்யுங்கள். பவுடர் அழிந்த இடமே உரசும் இடம்.

பொருத்தும் முறையையும் கவனியுங்கள். பழைய முறையில் தாங்கி ரைசரின் துளையில் ஒரே போல்ட்டில் நிற்கும். ஓர் அடி பட்டால் அந்த போல்ட்டைச் சுற்றித் திரும்பிவிடும் அபாயம் உண்டு. மேத்யூஸ், ஹாய்ட் போன்றவர்களின் புதிய வில்களில் ரைசரின் பின்புறம் வெட்டிய தடத்தில் தாங்கி நேராகக் கவ்விக்கொள்கிறது. அதற்குத் திரும்ப இடமே இல்லை. உங்கள் வில்லில் அந்தத் தடம் இருந்தால் கூடுதல் விலை கொடுத்தாவது அதற்கேற்ற மாதிரியை வாங்குங்கள். கட்டி இழுத்துக்கொண்டு திரிகிற வில்லுக்கு நான் அறிந்ததில் இதுவே மிகப் பெரிய முன்னேற்றம்.

பைகள்

பையிலும் மூன்று வழிகள் உண்டு. மூன்றில் ஒன்றைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். கிஃபாரு, ஸ்டோன் க்ளேசியர், எக்ஸோ போன்ற முதுகில் கெட்டியான சட்டம் கொண்ட பெரிய ஃப்ரேம் பைகள் மலையில் பல நாள் தங்கி, எல்க் இறைச்சியைச் சுமந்து இறங்குவதற்காகப் பிறந்தவை. வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காரிலிருந்து ஒரு மைல் போய் அன்றே திரும்புகிறவருக்கு அவற்றின் உயரமும் எடையும் வீண். தலைக்கு மேல் நீட்டும் ஃப்ரேம் கிளைதோறும் தட்டும்.

மீதி இரண்டுக்கும்தான் போட்டி. ஒரு பக்கம் சிட்காவின் டூல் பக்கெட் மாதிரியான மென்பைகள். துணி மிருதுவானது, கிளை உரசினாலும் சத்தம் வராது. வாய் மேல்பக்கம் அகலமாகத் திறக்கும். இந்தத் திறப்பு எவ்வளவு முக்கியம் என்பது மரத்தில் ஏறிப் பார்த்தால்தான் விளங்கும். பையை ஒரு பட்டையில் மரத்தோடு தொங்கவிட்டு, கையுறை போட்ட ஒற்றைக் கையால் உள்ளே துழாவுகிறீர்கள். முன்பக்கம் முழுக்க ஜிப் உள்ள பையாக இருந்தால் தொங்கும் நிலையில் திறந்ததும் சாமான்கள் ஆறு மீட்டர் கீழே போய் விழும். வாளியைப் போல மேலே திறக்கும் பையில் எல்லாம் உள்ளேயே இருக்கும், ஜிப்பின் கரகரப்பும் குறைவு.

மறுபக்கம் மிஸ்டரி ரேஞ்சின் பாப்-அப் 28 மாதிரியான சிறு ஃப்ரேம் பைகள். மொண்டானாவின் போஸ்மேனில் தொடங்கிய நிறுவனம். 2024இல் யெட்டி அதை வாங்கியது. பை 28 லிட்டர்தான், ஆனால் முதுகின் கம்பிகளை மேலே இழுத்து நீட்டினால் முழு ஃப்ரேமாகிவிடும். பைக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே இடைவெளி திறந்து அதில் சுமையை வைத்துக் கட்டலாம். ஸ்டிக்குகள், பிளாட்ஃபார்ம் எல்லாம் முதுகோடு ஒட்டி நிற்கும். மென்பையில் அதே பாரம் பின்னால் இழுத்துத் தோளை அறுக்கும். குறை என்னவென்றால் துணி. கரடுமுரடான நைலான் குளிரில் விறைத்து, ஒவ்வொரு குச்சிக்கும் பதில் சொல்லும்.

திரும்பி வரும்போது என்ன சுமப்பீர்கள் என்பதை வைத்துத்தான் நான் இதில் முடிவெடுக்கிறேன். விஸ்கான்சினில் 2002இல் மான்களிடையே சிடபிள்யூடி என்னும் நரம்புச் சிதைவு நோய் கண்டறியப்பட்டது. அதன்பின் மூளையும் முதுகெலும்பும் உள்ள பாகங்களை மாவட்டம் விட்டு, மாநிலம் விட்டு எடுத்துப் போவதற்குப் பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு. எலும்பை நீக்கினால் ஒரு வளர்ந்த ஆண்மானில் 20 முதல் 30 கிலோ வரை இறைச்சி தேறும். உங்கள் மாநில விதி காட்டிலேயே துண்டு போட அனுமதித்தால், சிறு ஃப்ரேம் பையில் ஒரே நடையில் இறைச்சியும் சாமானும் வந்துவிடும். காருக்கு அருகிலேயே வேட்டையாடுகிறவர், மானை ஸ்லெட்டில் இழுத்து வருகிறவர் மென்பையோடு நிம்மதியாக இருக்கலாம். கையில் பணம் குறைவென்றால் ஆல்ப்ஸ் நிறுவனத்தின் பர்சூட் பையைப் பாருங்கள். ஃப்ரேம் பைகளில் பாதி விலைகூட ஆகாது, வில்லை நிறுத்திவைக்கக் கீழே மடங்கும் பாக்கெட்டும் உண்டு.

எந்தப் பையானாலும் ஸ்டிக்குகளைக் கட்டும் முன் உலோகம் உலோகத்தைத் தொடும் இடங்களில் துணி நாடா சுற்றுங்கள். கொக்கிகளில் தொங்கும் பட்டை நுனிகளைச் சுருட்டி ரப்பர் வளையம் போடுங்கள். இரண்டையும் வீட்டிலேயே முடித்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக் கேளுங்கள்.

வில்லைப் பையில் கட்டலாமா?

தாங்கியும் பையும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இதுதான். பையின் பக்கவாட்டுப் பட்டையை இறுக்கும்போது அது தாங்கியின் கையையோ கயிற்றையோ அழுத்தினால், ஒரு மைல் நடையின் குலுக்கல் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். பட்டை படவேண்டிய இடங்கள் ரைசரின் மேல்பகுதியும் கீழ் லிம்பின் அடியும் மட்டுமே. கேபிள்கள் உள்ள நடுப்பகுதியில் எதுவும் படக்கூடாது. தாங்கி வெளிப்புறம் பார்க்கும்படி வைத்தால் கிளை அடிக்கும், முதுகுப்புறம் பார்த்தால் பை அழுத்தும். விஸ்கர் பிஸ்கட் இரண்டையும் பொறுத்துக்கொள்ளும். கேபிள் வகையில் தாங்கியின் கையைக் கீழே மடக்கி, தாங்கிக்கு மேல் ஒரு கம்பளி உறை போட்டு, பையின் பக்கம் திருப்பி வைக்கலாம். மரத்தடிக்குப் போனதும் உறையைக் கழற்றி, மார்க்கர் கோட்டைப் பார்த்துவிட்டு வில்லை இழுகயிற்றில் கட்டுங்கள். லிம்ப் வகை வைத்திருப்பவர் வில்லைப் பையில் கட்டவே வேண்டாம், கையில் கொண்டு போகட்டும். அதற்கு ஒரு கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பதால், ஸ்டிக்குகள் அத்தனையையும் முதுகிலேயே ஆடாமல் தாங்கும் சிறு ஃப்ரேம் பைதான் அவருக்கு ஒத்துவரும்.